ரொக்கம், இரும்பு, சத்தம்

ஜெர்மன் மொழியில் ‘பார்கெல்ட்’ என்றால் ரொக்கப் பணம். தினமும் ரொக்கத்தோடு மாரடிக்கிற என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு, அந்தப் பெயரில் ஒரு பாடகர் இருக்கிறார் என்றால் ஆர்வம் வராமல் இருக்குமா? பிளிக்ஸா பார்கெல்ட். 1959-ல் மேற்கு பெர்லினில் பிறந்தவர். இயற்பெயர் கிறிஸ்தியான் எம்மெரிஷ். ‘பிளிக்ஸா’ என்பது ஒரு ஸ்கெட்ச் பேனாவின் பிராண்டு பெயர். ‘பார்கெல்ட்’ என்பது முதல் உலகப் போர்க் காலத்தில் கிளம்பிய டாடா கலை இயக்கத்துக் கலைஞர் ஒருவர் வைத்துக்கொண்டிருந்த புனைபெயர். (டாடா என்றதும் உப்பும் லாரியும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது வேறு டாடா. :))

அவருடைய குழுவின் பெயர் ‘ஐன்ஷ்டூர்ட்சென்டெ நொய்பவுட்டன்’. வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை. ரசிகர்களே ‘நொய்பவுட்டன்’ என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். அர்த்தம்: இடிந்து விழும் புதுக் கட்டடங்கள். பெர்லின்காரர்கள் போருக்கு முந்தைய பழைய கட்டடங்களை ஒரு பெயரிலும், போருக்குப் பிறகு அவசர அவசரமாக எழுப்பியவற்றை ‘நொய்பவு’ என்றும் பிரித்துச் சொல்வார்கள். பழையது நிற்கிறது, புதியது விழுகிறது என்பது பெயரில் உள்ள குத்தல். ரீடெவலப்மெண்ட் என்ற சொல்லைக் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டு மும்பையில் குடியிருக்கும் நமக்கு இந்தக் குத்தலை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்று, “இதெல்லாம் பாட்டா சார்?” இன்னொன்று, “காசு கொடுத்து எவன் இதைக் கேட்பான்?”

முதல் கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதைப் பாட்டு என்பது, எதைச் சத்தம் என்பது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டாயிற்று, தீர்ப்பு வரவில்லை. இரண்டாவது கேள்வியைக் கிண்டலாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் என் கருத்தில் அதுதான் சரியான கேள்வி. அந்தச் சத்தத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? கேட்பவன் தெரிந்தே ஒப்புக்கொண்டு கொடுக்கிறானா, இல்லை சம்பந்தமில்லாத ஒருவன் தலையில் கட்டப்படுகிறதா? முரட்டு இசையை எடை போட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. நொய்பவுட்டன் குழுவின் நாற்பது வருடத்துக் கதையையே இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் எடை உண்டு.

முதலில் ஊரைப் பார்ப்போம். 1961-லிருந்து மேற்கு பெர்லின் சுவரால் சூழப்பட்ட தீவு. மேற்கு ஜெர்மனியில் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. மேற்கு பெர்லினில் குடியிருந்தால் அது கிடையாது. அதனாலேயே பல இளைஞர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காலியாகக் கிடந்த கட்டடங்கள் ஏராளம். வேலைதான் குறைவு. இந்தச் சூழலில் 1980 ஏப்ரல் 1 அன்று ‘மூன்’ என்ற கிளப்பில் நொய்பவுட்டன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. முட்டாள்கள் தினம் என்பதால் யாராவது விளையாட்டு என்று நினைத்திருக்கலாம். விளையாட்டு நாற்பது வருடத்தையும் தாண்டி ஓடிவிட்டது.

அடுத்த மாதமே ஒரு விநோதம். 1957-ல் பெர்லினில் ‘காங்கிரஸ் ஹால்’ என்ற மாநாட்டு மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அமெரிக்கா கொடுத்த பரிசு, அந்தக் காலத்து நவீனக் கட்டடக்கலையின் பெருமை. வளைந்து தொங்கும் அதன் கூரையைப் பார்த்து ஊர்க்காரர்கள் ‘கர்ப்பமான சிப்பி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1980 மே 21 அன்று அந்தக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். கூரையை இழுத்துப் பிடித்திருந்த எஃகுக் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்திருந்தன. குழுவுக்குப் பெயர் அதற்கு முன்பே வைத்தாயிற்று. தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பெயருக்கு அதன்பிறகு வேறொரு கனம் வந்துவிட்டது.

சரி, இரும்பு எங்கே வந்தது? குழுவின் தாள வாத்தியக்காரர் என்.யு.உன்ரு பணமுடையில் தன் டிரம் செட்டை விற்றுவிட்டார். தட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே? பழைய இரும்புத் தகடு, குழாய், ஸ்பிரிங், பீப்பாய், கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் துண்டு துணுக்குகள் என்று கையில் கிடைத்ததைத் தட்ட ஆரம்பித்தார். 1980 ஜூனில் பார்கெல்டும் உன்ருவும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்கூட்டுக்குள் புகுந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்த ஒலிநாடாவின் பெயர் ‘ஷ்டால்முசீக்’, அதாவது எஃகு இசை.

இதைத்தான் நான் முதல் வரவாக எழுதுவேன். காசில்லாதவன் கடன் வாங்கி கிடார் வாங்கவில்லை. ஊரே வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை எடுத்து, அதற்குள் என்ன ஸ்வரம் இருக்கிறது என்று தேடினான். 1981-ல் வந்த முதல் ஆல்பம் ‘கோலாப்ஸ்’. அதன் அட்டைப் படத்தில் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தின் முன்னால் தங்கள் சாமான்களையெல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் தங்கள் ‘உம்மகும்மா’ ஆல்பத்தின் பின்னட்டையில் விலையுயர்ந்த கருவிகளை இப்படித்தான் பரப்பி வைத்திருந்தார்கள். அதற்கு இது பதில். ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுகிறவன் கண்ணுக்கு அந்தப் படம் ஒரு சொத்துப் பட்டியல் மாதிரித் தெரியும். மொத்த மதிப்பு: காயலான் கடை ரேட்.

ஆனால் செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

1984 ஜனவரி 3, லண்டன். ஐ.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சமகாலக் கலை நிறுவனத்தின் அரங்கு. குழுவின் உறுப்பினர்கள் சிலரும் வேறு சில கலைஞர்களும் சேர்ந்து ‘குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கச்சேரி’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். சிமெண்ட் கலவை இயந்திரம், மரம் அறுக்கும் செயின் ரம்பம், தரையை உடைக்கும் டிரில். கொஞ்ச நேரத்தில் மேடையையே துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் அரங்கு நிர்வாகம் நிகழ்ச்சியை நிறுத்தியது, கூட்டத்துக்கும் ஊழியர்களுக்கும் தள்ளுமுள்ளு ஆனது. பக்கிங்ஹாம் அரண்மனை வரை சுரங்கம் தோண்டப் பார்த்தார்கள் என்று பிற்பாடு ஒரு கதை கிளம்பி, உண்மையைவிட வேகமாகப் பரவியது.

1986-ல் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் மேடையில் தீ மூட்டினார்கள். தீப்பொறி பார்வையாளர்கள் பக்கம் தெறித்து அந்த நிகழ்ச்சியும் பாதியில் நின்றது.

ரசிகர்கள் இந்த இரண்டையும் வீரகாவியம் மாதிரிச் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. அடுத்தவன் மேடையைத் துளைத்தால் மறுநாள் காலையில் அதை அடைக்க ஒரு தச்சன் வர வேண்டும், பெருக்க ஒரு பெண்மணி வர வேண்டும். டிக்கெட் வாங்கியவன் சத்தத்துக்குத்தான் ஒப்புக்கொண்டான், தலையில் தீப்பொறி விழுவதற்கு இல்லை. இங்கே செலவு மற்றவர் கணக்கில் ஏறுகிறது. அந்த நேரத்தில் அது கலகமாகத் தெரியும், கணக்கில் அது வாராக்கடன்.

இதில் பெரிய வேடிக்கை 2007-ல் நடந்தது. ஜோ மிட்செல் என்ற கலைஞர் அந்த 1984 நிகழ்ச்சியை அதே ஐ.சி.ஏ. அரங்கில் திரும்ப நடத்திக் காட்டினார். தள்ளுமுள்ளு உட்பட எல்லாமே ஒத்திகை பார்த்த மறு அரங்கேற்றம்! எந்த நிறுவனம் தடுத்து நிறுத்தியதோ அதே நிறுவனத்தின் கூரைக்குக் கீழே. அதிர்ச்சி என்பது எவ்வளவு சீக்கிரம் தேய்மானம் ஆகிற சொத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? வெறும் அதிர்ச்சியை மட்டும் முதலாகப் போட்டவன் கடையைச் சில வருடத்தில் மூட வேண்டியதுதான்.

நொய்பவுட்டன் கடையை மூடவில்லை. காரணம், அதிர்ச்சிக்குக் கீழே வேலை இருந்தது. 1985-ல் வந்த ‘ஹால்பர் மென்ஷ்’ (அரை மனிதன்) ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் இரும்பே கிடையாது. வெறும் மனிதக் குரல்கள், கூட்டாக, அடுக்கடுக்காக. டிரில்லிங் மெஷினை எதிர்பார்த்து வந்தவனுக்கு அதுதான் நிஜமான அதிர்ச்சி! 2000-ல் வந்த ஆல்பத்தின் பெயரே மௌனத்தைப் புகழ்வது. தலைப்புப் பாடலின் நடுவே பாட்டு நின்றுபோய் நிசப்தம் வரும். எங்கே சத்தம் போட வேண்டும் என்று தெரிந்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருகிறேன்.

2002-ல் இவர்கள் கையில் இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தம் இல்லை. ஆல்பம் போட முதலீடு வேண்டும். வங்கிக்குப் போனால் என்ன ஆகும்? நானே அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்பேன்? அடமானம் என்ன? பழைய இரும்பு. மூன்று வருட பேலன்ஸ் ஷீட்? இல்லை. வருமானக் கணிப்பு? யாருக்குத் தெரியும். மரியாதையாக டீ கொடுத்து அனுப்பி வைத்திருப்பேன். என் வேலையின் விதி அது.

அவர்கள் நேராகக் கேட்பவர்களிடமே போனார்கள். பார்கெல்டின் மனைவி எரின் ஷூ இணையத்தில் திட்டத்தை வடிவமைத்தார். ‘ஆதரவாளர்’ ஆக வேண்டுமானால் ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். அப்போது ஆல்பத்தில் ஒரு பாட்டுகூடத் தயாராகியிருக்காது. கட்டியவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஸ்டூடியோவில் வேலை நடப்பதை இணையக் கேமரா வழியாகப் பார்க்கலாம், இடையிடையே அவர்களோடு பேசலாம், கருத்துச் சொல்லலாம். முடிவில் ஆதரவாளர்களுக்கென்றே ஒரு ஆல்பம்.

வருடத்தைக் கவனியுங்கள். 2002. கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009-ல். பேட்ரியான் 2013-ல். இன்று ‘கிரவுட் ஃபண்டிங்’ என்று மேலாண்மைப் படிப்பில் பாடமாக நடத்துகிறார்களே, அதை இந்த இரும்பு தட்டும் கூட்டம் அவற்றுக்கெல்லாம் முன்பே நடத்திக் காட்டியது.

இது கடன் இல்லை, வட்டி கிடையாது. பங்கு இல்லை, லாபத்தில் உரிமை கிடையாது. நன்கொடையும் இல்லை, கைக்குப் பொருள் வருகிறது. நம் சபா மெம்பர்ஷிப் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் சபாவில் கச்சேரி அன்று போய் உட்காருகிறோம், இங்கே சமையலறைக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறார்கள். சரிவராத முயற்சி, பாதியில் கைவிட்ட பாட்டு, குழுவுக்குள் வாக்குவாதம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மக்களை மிரட்டியவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள், இருபது வருடம் கழித்து, தாங்கள் தடுமாறுவதையும் காட்டத் துணிந்தார்கள். டிரில்லிங் மெஷினைத் தூக்குவதைவிட இதற்கு அதிக தைரியம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

“காசு கொடுத்தவன் சொல்படி ஆடுவதுதானே இது?” என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான சந்தேகம். ஆதரவாளர்கள் கருத்துச் சொன்னார்கள், முடிவு எடுத்தது குழு. டெபாசிட் போட்டவர் கிளையைத் தேடி வந்து புத்திமதி சொல்லலாம், அதற்காகக் கடன் மஞ்சூர் செய்யும் பேனாவை அவர் கையில் கொடுப்பதில்லை அல்லவா?

2004 நவம்பரில் இந்தக் கூட்டணி நேரில் சந்தித்தது. இடம், கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த ‘பலாஸ்ட் டேர் ரெபுப்ளிக்’. அஸ்பெஸ்டாஸ் அகற்றுவதற்காக உள்ளே எல்லாவற்றையும் உரித்தெடுத்து வெறும் எலும்புக்கூடாக நின்ற கட்டடம். அங்கே குழு வாசித்தது, ஆதரவாளர்கள் கூட்டுக்குரல் கொடுத்தார்கள். 2006-ல் அந்தக் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்து 2008-ல் முடித்தார்கள். இடிந்து விழும் கட்டடங்கள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், இடியப் போகிற ஒரு கட்டடத்துக்கு அதன் சம்மதத்தோடு பிரியாவிடை பாடியது மாதிரி. மேடையைத் துளைத்த 1984-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 2007-ல் ‘அல்லஸ் வீடர் ஒஃபன்’ ஆல்பத்தை எந்தக் கம்பெனியின் துணையும் இல்லாமல் ஆதரவாளர்கள் பணத்திலேயே தயாரித்து வெளியிட்டார்கள்.

அடுத்த வரவு 2014. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் டிக்ஸ்மைடே என்று ஒரு ஊர். முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊர். போரின் நூற்றாண்டு நினைவுக்கு ஒரு படைப்பு செய்து தாருங்கள் என்று அந்த ஊர் நொய்பவுட்டனைக் கேட்டது. யோசித்துப் பாருங்கள்: ஜெர்மன் படையால் நாசமான ஊர், ஒரு ஜெர்மன் குழுவை, அதுவும் உடைப்பதற்குப் பேர்போன குழுவை, அழைத்து எங்கள் துக்கத்துக்கு இசை செய் என்கிறது.

‘லமென்ட்’ என்று அதற்குப் பெயர். முள்கம்பியைக் கட்டி யாழ் மாதிரி மீட்டினார்கள். ஊன்றுகோலை வாத்தியமாக்கினார்கள். அதில் ஒரு பகுதி முழுக்கக் கணக்கு. போரிட்ட ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒவ்வொரு தட்டும் போரின் ஒரு நாள். ஒரு நாடு போரில் சேர்ந்த தேதியில் அதன் குழாய் ஒலிக்கத் தொடங்கும், விலகிய தேதியில் நின்றுவிடும். 1914 ஜூலை 28 முதல் 1918 நவம்பர் 11 வரை 1,560 நாட்களுக்கு மேல். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் சுமார் 13 நிமிடம். முதலில் கேட்கும்போது குதூகலமான நடனத் தாளம் மாதிரி இருக்கும். ஒரு தட்டு ஒரு நாள், ஒரு நாளில் எத்தனை ஆயிரம் பேர் என்று மனம் கூட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் கை தாளம் போடுவதை நிறுத்திவிடும். எண்களோடு இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறேன். எண் இப்படிக் கனத்து நான் கேட்டதில்லை.

இன்னொரு பகுதியில் பழைய குரல் பதிவுகள். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் முகாம்களில் இருந்த போர்க்கைதிகளை அவரவர் மொழியில் பேசவைத்து மொழி ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். ஊதாரி மகன் வீடு திரும்பும் பைபிள் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பதிவுகள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் குரல்களும் அதே காப்பகத்தில் உண்டு. 1914 அக்டோபரிலேயே அதே ஃபிளாண்டர்ஸ் மண்ணில் இந்தியச் சிப்பாய்கள் இறக்கிவிடப்பட்டார்கள். ஈப்பர் நகரின் மெனின் வாயிலில் அவர்கள் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வீடு திரும்பிய மகனின் கதையை, வீடு திரும்புவோமா என்று தெரியாதவர்கள் வாயால் சொல்லக் கேட்பது... ஊரைவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, ஒரே குழு. ஒரு காலத்தில் தன் சத்தத்தின் செலவை மற்றவர் தலையில் வைத்தது. பிற்பாடு தன் பெயரிலேயே கணக்கு ஆரம்பித்து, கேட்பவனைக் கூட்டாளி ஆக்கியது. கடைசியில் ஒரு ஊரே தன் துக்கத்தை நம்பி ஒப்படைத்தது. சத்தம் பிற்பாடு குறைந்திருக்கலாம். அதைவிட முக்கியமாக மாறியது சம்மதம்.

இதை ஏன் நம் வீடுகளுக்காக எழுதுகிறேன்?

செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் நம் பிள்ளைகள் நாம் கேட்காத எதையெதையோ கேட்கிறார்கள். பெங்களூரிலும் டெல்லியிலும் அப்படித்தான். என் மகளுக்குப் பதினேழு வயது, அவள் பட்டியலில் எனக்குப் பாதி பிடிபடாது. நம் வழக்கமான எதிர்வினை என்ன? “என்ன கண்றாவி இது, பாட்டு கிளாஸுக்கு அனுப்பினது வீணாப் போச்சு.” வெளியூரில் வளர்கிற பிள்ளை எங்கே கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். அவள் ஹெட்போனில் கேட்கும் முரட்டுப் பாட்டுக்கு நம் பாக்கெட்டிலிருந்தும் காதிலிருந்தும் எதுவும் போவதில்லை. அதே சமயம் சொசைட்டி விழாவில் பெரியவர்களாகிய நாம் வைக்கும் ஸ்பீக்கர், மாடி வீட்டு நோயாளியையும் பரீட்சைக்குப் படிக்கும் பையனையும் கேட்காமலே அவர்கள் கணக்கில் ஏறுகிறது. அந்த ஸ்பீக்கரில் வருவது இனிமையான பாட்டாகவே இருக்கட்டும், என் தராசில் அதுதான் அராஜகம்.

பிள்ளைகளிடம் “இது பாட்டா?” என்று கேட்காதீர்கள். பதில் தெரிந்துகொள்ள அல்ல, மட்டம் தட்டத்தான் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். “இதை யார் செய்தார்கள், எதை வைத்துச் செய்தார்கள், யார் பணத்தில்?” என்று கேளுங்கள். நல்ல குழுவாக இருந்தால் பிள்ளை உட்கார்ந்து அரை மணி நேரம் பேசும். வெறும் அலட்டல் குழுவாக இருந்தால் பதில் சொல்லும்போதே அதற்கும் விளங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த அரை மணி நேரப் பேச்சு நமக்கு லாபம். அதுவும் தமிழில் நடந்தால் இரட்டிப்பு லாபம்.

டிஸ்கி: கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து ‘கோலாப்ஸ்’ ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள், என்னைத் திட்டுவீர்கள். :) 2007-ன் ‘அல்லஸ் வீடர் ஒஃபன்’ முதலில். பிறகு ‘லமென்ட்’. தாங்கினால் ‘ஹால்பர் மென்ஷ்’. அதற்கும் பிறகுதான் 1981. ஒலியளவைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். காது போனால் எந்த ஆதரவாளர் திட்டத்திலும் திரும்பக் கிடைக்காது.